பதில் கூவல்

சென்னை
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மணிவேல் எழுதிக்கொள்வது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பள்ளிக்கூடத்தை விட்டபிறகு கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எதற்கும் நான் பேனாவைத் தொட்டதில்லை. இங்கே செட்டுக்குள் நுழையும்போதே எல்லாருடைய செல்போனையும் வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். படம் வெளியே கசிந்துவிடுமாம். சாயங்காலம் திருப்பித் தந்தபிறகு கூப்பிட்டால் நம் மலையில் டவர் இருப்பதில்லை. நீ பாறைமேல் ஏறி நின்று ஹலோ ஹலோ என்று கத்துகிற நேரத்தில் என் போன் பெட்டிக்குள் தூங்குகிறது. அதனால்தான் காகிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படி. "கூவாத காடு" படத்தை மறுபடியும் எடுக்கிறார்கள். நம் அப்பா நடித்த அதே பேய்ப்படம்தான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு காட்டுக்குள் போய்த் திரும்பி வராத மலைக்காரன் வேஷம் இந்தத் தடவை எனக்கு! எட்டு வருஷமாகக் கும்பலில் நின்று கத்தியவன், ஹீரோவிடம் அடி வாங்கி உருண்டவன், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்தவன், இப்போது முழு முகத்தோடு திரையில் வரப்போகிறேன். வசனம்கூட இரண்டு இருக்கிறது.

டைரக்டர் பெயர் கோகுலகிருஷ்ணன். நான் சடையன் மகன் என்று சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "கம்பளி சீன்ல நடிச்சவரோட பையனா நீ?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்தப் படத்தைச் சின்ன வயதில் பார்த்துவிட்டு ஒரு மாதம் தனியாகப் பாத்ரூம் போகவில்லையாம்.

பழைய படத்தில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, உனக்குத் தெரியும். அப்பா காட்டுக்குள் போவார். புளியமரக் கிளையில் அவர் கம்பளி தொங்கும். அம்மாவின் கூவல் கேட்கும். பதில் வராது. அவ்வளவுதான். "அப்ப அது போதும். இப்பக் காட்டணும், இல்லன்னா பசங்க போனை நோண்டுவாங்க" என்கிறார் கோகுல் சார். ஆகவே கம்பளிக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை இதில் முழுசாகக் காட்டப்போகிறார்கள். என் வயிற்றில் ஆரம்பித்து... வேண்டாம், நீ சாப்பிட்டுக்கொண்டிருப்பாய்.

ஒரு உதவி செய். அந்தக் காலத்துப் படப்பிடிப்பில் நடந்ததை எல்லாம் அப்பாவிடம் கேட்டு விவரமாக எழுது. சாருக்கு வேண்டுமாம். சின்ன வயதில் கேட்ட கதை எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது.

உன் தம்பி
மணிவேல்


ஜவ்வாதுமலை
22 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. கோழி கிளறிய மாதிரி எழுத்து. அபிநயா வேலூர் காலேஜிலிருந்து வந்திருந்தாள். அம்மாவும் மகளுமாகச் சேர்ந்துதான் படித்து முடித்தோம். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பருப்பு வேகிற நேரத்தில் இதை எழுதுகிறேன். காகிதத்தில் மஞ்சள் இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் வயிற்றைக் கிழிக்கப்போகிறார்கள் என்பதை இவ்வளவு சந்தோஷமாக எழுத உன்னால்தான் முடியும். நான் சொல்வதைக் கேட்பாயா, கேட்கமாட்டாயா தெரியாது. ஆடு அறுத்தால் ரத்தம் வரும், அதில் என்ன பயம்? அந்தப் பதில் வராத கூவல்தான் பயம். சரி, உனக்குச் சோறு போடுகிற வேலை. நல்லபடியாகச் செய்.

அப்பாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து மனுஷன் ஓர் இடத்தில் உட்காருவதில்லை. டீக்கடையில் சொல்லி, ரேஷன் கடையில் சொல்லி, மாடு பிடிக்க வந்த சந்தவாசல் வியாபாரியிடமும் சொல்லியாகிவிட்டது. தினமும் என்னைக் கேட்கிறார், "இந்த வெள்ளிக்கெழமையா, அடுத்த வெள்ளிக்கெழமையா?" இன்னும் எடுக்கவே ஆரம்பிக்கவில்லை என்றால், "இன்னாத்துக்கு இத்தினி நாளு? சாமையே வெதைச்சி அறுத்துப்புடலாம் போல கீதே" என்று கோபம் வருகிறது.

நீ கேட்ட கதை. அப்பா சொன்னபடியே எழுதுகிறேன். மலைக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது என்பதால் முதலிலிருந்தே எழுதுகிறேன், உன் சாரிடம் அப்படியே கொடு.

எங்கள் மலையில் காட்டுக்குள் போனவரைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டோம். கூவுவோம். கூவல் காதில் விழுந்தால் பதில் கூவல் கொடுக்கவேண்டும். மரத்து உச்சியில் இருந்தாலும், வாயில் சோறு இருந்தாலும், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கோபமாகப் போயிருந்தாலும் கொடுக்கவேண்டும். கொடுக்கவில்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

படத்தில் கூவவேண்டிய கதாநாயகிக்குக் கூவ வரவில்லை. தொண்டை கிழிந்ததுதான் மிச்சம். வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் புதுப்பெண்ணாக அம்மா தண்ணீர்க்குடத்தோடு நின்றிருக்கிறாள். "நீ கூவும்மா" என்றார்களாம். அம்மா கூவினாள். பாறைக்குப் பின்னால் வேலை முடிந்து உட்கார்ந்திருந்த அப்பா, தன்னை அறியாமல் "கூ...!" என்று பதில் கொடுத்துவிட்டார். டைரக்டர் குதித்தாராம். செத்துப்போனவன் பதில் கொடுத்தால் படம் என்ன ஆவது? மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் பதில். அப்பாவின் துண்டையே சுருட்டி அவர் வாயில் வைத்தார்கள். மூக்கால் கொடுத்தாராம்! "நா இன்னா பண்ணுவேன், அவ கூப்புட்றா, எனுக்கு வந்துடுது" என்கிறார் இன்றைக்கும். கடைசியில் ஜீப்பில் ஏற்றிச் சந்தவாசலுக்கு இறக்கிக்கொண்டு போய், பரோட்டா வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துவிட்டுத்தான் இங்கே அந்தக் காட்சியை எடுத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் திரும்பி வந்தால் அம்மா பேசவில்லையாம். "நீ அங்க இல்லன்னு தெரிஞ்சிதான் கூவுனேன். ஆனா பதிலு வரலன்னதும் பாறைக்குப் பின்னால போயி பாத்தேன்" என்று பிற்பாடு சொல்லியிருக்கிறாள்.

இதைச் சொல்லிவிட்டு அப்பா எழுந்து துண்டை உதறினார். பிறகு, "உங்கொம்மா கூவி நா பதில் குடுக்காதது அது ஒண்ணுதான்" என்றார். அம்மா போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. அதை இன்னும் மனதில் வைத்திருக்கிறார் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு.

சசிகலா


சென்னை
21 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை சார் இரண்டு தடவை படித்தார். "இதுதான்யா படம்!" என்று மேஜையைத் தட்டினார். விளம்பரம் பார்க்கிற சக்கரவர்த்தி என்பவர் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டார். நீ பெரிய எழுத்தாளர் ஆகிவிட்டாய்!

என் காட்சியை எடுத்து முடித்துவிட்டார்கள். முதலில் என்னை அச்சு எடுத்தார்கள். முகம் முழுக்க மாவு பூசி, மூக்கில் இரண்டு குழாய் செருகி அசையாமல் கிடக்கச் சொன்னார்கள். அப்புறம் அந்த அச்சில் இன்னொரு மணிவேலைச் செய்து கொண்டுவந்து கிடத்தினார்கள். கன்னத்தில் இருக்கிற தழும்புகூட இருந்தது. அவன் வயிற்றைத் திறந்தால் உள்ளே எல்லாம் இருக்கிறது, அக்கா. முதல் நாள் மார்க்கெட்டிலிருந்து நிஜ ஆட்டுக்குடல் வாங்கி வந்தார்கள். மதியத்துக்குள் நாற்றம் தாங்கவில்லை, ஹீரோ வாந்தி எடுத்துவிட்டார். பிறகு ரப்பரில் செய்தார்கள். ரத்தம் என்பது சர்க்கரைப் பாகும் சாயமும். நாள் முழுக்க அதில் ஊறிக் கிடந்தேன். ஊரில் உள்ள எறும்பெல்லாம் என் மேல். கண்ணைத் திறந்து அசையாமல் செத்துக்கிடக்கும்போது காதுக்குள் எறும்பு போனால் எப்படி இருக்கும் என்று யாரும் என்னைக் கேட்கவேண்டாம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். சிரிக்காதே. பக்கத்தில் கிடந்த அந்தப் பொம்மையைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இடைவேளையில் எல்லாரும் அதோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். நான் போய் அதன் கண்ணை மூடிவிட்டு வந்தேன். மேக்கப்காரர் திட்டினார்.

கடைசியில் முக்கியமான செய்தி. கூவலுக்கு யார் யாரையோ கூட்டிவந்து பார்த்தார்கள், ஒன்றும் சரிவரவில்லை. பழைய படத்திலிருந்து அம்மாவின் கூவலையே எடுத்துச் சுத்தம் செய்து வைக்கப்போகிறார்கள். ரத்தமெல்லாம் முடிந்து, கம்பளி தொங்கும்போது அம்மாவின் குரல் வரும். அப்பாவிடம் சொல்.

விளம்பரத்துக்கு என்று ஏதோ ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த மாதம் பேட்டி எல்லாம் இருக்குமாம். எனக்கு ராத்திரி தூக்கமே வருவதில்லை, சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை.

மணி


ஜவ்வாதுமலை
14 டிசம்பர் 2025

மணிவேலுக்கு,

நேற்று நீ போட்ட போனை வேண்டுமென்றேதான் துண்டித்தேன். இனியும் எடுக்கமாட்டேன். போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீ ஜெயித்துவிடுவாய்.

அபிநயா யூடியூபில் உன் டிவி பேட்டியைக் காட்டினாள். பாறைமேல் நின்று இரண்டு பேரும் பார்த்தோம். அப்பாவின் பழைய படத்துக்கு மாலை போட்டு, பக்கத்தில் விளக்கு எரிகிறது. பயங்கரமான குரலில் ஒருவன் சொல்கிறான்: படப்பிடிப்பில் பதில் கொடுக்காமல் போன சடையன், அதே வருஷம் காட்டுக்குள் போனார், மனைவி கூவினாள், பதில் வரவில்லை, உடம்புகூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் நீ. "உங்க அப்பா முகமாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்கிறான். நீ தலையைக் குனிந்துகொண்டு கண்ணைத் துடைக்கிறாய். ஆகா, என்ன நடிப்பு! எட்டு வருஷமாக உனக்கு வேஷம் கொடுக்காத டைரக்டர்கள் எல்லாம் முட்டாள்கள்.

அதே வருஷம் போய்விட்டாராம். நீ பிறந்தது அதற்கு எத்தனை வருஷம் கழித்து என்று அந்த அறிவாளிகள் யாரும் கணக்குப் பார்க்கவில்லையா? அம்மாவின் மானம் என்ன ஆகும் என்று உனக்காவது தோன்றியதா?

என் வயிறு எதனால் எரிகிறது தெரியுமா? அந்தக் கதையை எழுதிக் கொடுத்தவள் நான். பருப்பு வேகிற நேரத்தில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே, அப்பா வாயால் சொன்னதை எழுதி அனுப்பினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. நான் நெய்து கொடுத்ததை நீ அப்பாவுக்குக் கோடித் துணியாகப் போர்த்திவிட்டாய்.

அவருக்கு இன்னும் தெரியாது. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, படத்துக்குப் போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டை ஒன்று வாங்கவேண்டும் என்கிறார். அவருக்குத் தெரிவதற்குள் நீயே அதே டிவியில் வந்து, என் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிவிடு. வேறொன்றும் கேட்கவில்லை.

சசிகலா


சென்னை
22 டிசம்பர் 2025

அக்கா,

நான் செத்துப்போனார் என்று சொல்லவே இல்லை. அந்த வீடியோவை இன்னொரு தடவை பார். அவன் கேட்டான், நான் குனிந்தேன். அவ்வளவுதான். கண்ணில் லைட் அடித்தது, துடைத்தேன்.

சரி, உன்னிடம் எதற்குப் பொய்? என்ன சொல்லப்போகிறார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். சக்கரவர்த்தி சார் சொன்னார், "நீ ஒண்ணும் பேச வேணாம் தம்பி, சும்மா உட்காரு, மீதியை நாங்க பாத்துக்கறோம்." வருஷக் கணக்கைப் பற்றிக் கேட்டேன். "யாருய்யா கணக்குப் பாக்கப்போறான்?" என்றார். படம் வெளியாகும்வரை விளம்பரத்தை மறுத்து நான் எதுவும் பேசக்கூடாது என்று அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. பேசினால் என் காட்சியிலிருந்து என்னையே நீக்கிவிடுவார்கள். கம்ப்யூட்டரில் என் முகத்தை எடுத்துவிட்டு வேறு முகத்தை ஒட்ட அரை நாள் வேலையாம். எனக்கு இருப்பதே அந்த ஐந்து நிமிஷம்தான், அக்கா. அது போனால் மறுபடி கும்பலில் நின்று கத்தவேண்டியதுதான்.

பிப்ரவரி ஆறாம் தேதி வெளியாகிறது. அதற்கு அடுத்த நாளே நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை அப்பாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள். மலையில் யார் யூடியூப் பார்க்கிறார்கள்? அப்பா கையில் போனும் இல்லை. பொய்ச் சாவு சொன்னால் ஆயுசு கூடும் என்று அம்மாவே சொல்லுவாளே.

கோபத்தில் அன்புள்ள என்று போடாமல் விட்டுவிட்டாய். ரொம்ப நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி


ஜவ்வாதுமலை
11 ஜனவரி 2026

மணிவேலுக்கு,

மலையில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டாய். மலைக்கு வருகிறவர்கள் பார்க்கிறார்கள்.

புது வருஷத்திலிருந்து பைக்கில் வருகிறார்கள். குச்சியில் போனைக் கட்டிக்கொண்டு, தனக்குத்தானே பேசிக்கொண்டு வருகிறார்கள். அமிர்திக்கு வந்தவர்கள், பீமன் அருவிக்கு வந்தவர்கள், எல்லாருக்கும் 'செத்துப்போன சடையன்' இடத்தைப் பார்க்கவேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது போன வியாழக்கிழமை ஒரு கும்பல் வந்து புளியந்தோப்பில் நின்ற அப்பாவிடமே கேட்டிருக்கிறது, "பெரியவரே, சடையன் சமாதி எங்க இருக்கு?"

அப்பாவுக்கு யார் பெயர் வைத்தார்கள் என்று உனக்குத் தெரியும். அவர் தாத்தா பெயர்தானே அவருக்கு. இவர்கள் நம் பெரிய சடையனைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். கூட்டிக்கொண்டு போய், மேட்டுக் கொல்லையில் அந்தக் கல்லைக் காட்டி, மேலே இருந்த சருகைத் தள்ளி, வீட்டுக்கு ஓடிவந்து கற்பூரம் எடுத்துப் போய் ஏற்றியும் வைத்திருக்கிறார். "நல்ல மன்சன். ஒரே ஆளா கரடிய வெரட்னவரு" என்று பெருமை வேறு! அவர்கள் அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் படம் பிடித்திருக்கிறார்கள்.

பிறகு ஒரு பெண் போனை நீட்டி, "இவர்தானே?" என்று கேட்டாளாம். மாலை போட்ட படம். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "இது நானாச்சே" என்றார். அவ்வளவுதான். அந்தப் பெண் வீல் என்று கத்த, ஒருவன் செருப்பை விட்டுவிட்டு ஓட, பைக்குகள் கிளம்பிப் போய்விட்டன. அந்தச் செருப்பு இன்னும் நம் வாசலில் இருக்கிறது. கேட்டு யாரும் வரவில்லை.

சாயங்காலம் நான் வந்ததும் கேட்டார். மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். நான் பயந்த மாதிரி அவர் கத்தவில்லை. முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"பையன் பொழப்புக்குத்தானே சொன்னான், வுடு. நாப்பது வருசமா இந்தச் சனங்க கேட்டுக்கினு கீதுங்க, கம்பளிக்குப் பின்னால உன்ன இன்னா பண்ணிச்சின்னு. எனுக்கே தெரியாது. நா பரோட்டா தின்னுக்கினு இருந்தேன். இப்பவாச்சும் தெரியட்டும்."

பிறகு கேட்டார், "நா எப்டி செத்தேன்னு சொல்றானுங்க?"

"அம்மா கூவினாளாம். நீ பதில் குடுக்கலையாம்."

அப்போதுதான் முகம் மாறியது, மணி. நான் அப்படி ஒரு முகத்தை அம்மா போன அன்றுகூடப் பார்க்கவில்லை. "நானா?" என்றார். "நானா குடுக்கல? வாயில துண்ட வச்சி அடைச்சப்பக்கூட மூக்கால குடுத்தேனே. அது அவனுக்குத் தெரியுமே." எழுந்து போனவர் இருட்டும்வரை தோப்பிலேயே நின்றார். புளி உலுக்க ஆள் வந்தும் வேலை சொல்லவில்லை.

செத்தேன் என்று சொன்னதை அவர் உனக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். அம்மாவுக்குப் பதில் கொடுக்கவில்லை என்று நீ சொல்லவிட்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பிப்ரவரி வரை பொறு என்று மறுபடி எழுதாதே. இப்போதே சொல்.

சசிகலா


சென்னை
1 பிப்ரவரி 2026

அக்கா,

கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றார்கள். மறுபடி போய்க் கேட்டேன், "ஒரு வாரம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா?" என்று கோகுல் சாரே கத்தினார். வெள்ளிக்கிழமை காலை இங்கே பெரிய தியேட்டரில் ரசிகர்கள் முன்னால் என்னை மேடை ஏற்றுகிறார்கள். அப்போது ஏதாவது செய்யப் பார்க்கிறேன். முடியுமா தெரியவில்லை.

அப்பாவைப் படத்துக்குக் கூட்டிப் போகாதே. கெஞ்சிக் கேட்கிறேன். நான் கிழிபடுவதை அவர் பார்க்கவேண்டாம். அதற்குப் பிறகு வருகிற அம்மாவின் குரலையும் அவர் கேட்கவேண்டாம். 

மணி


ஜவ்வாதுமலை
8 பிப்ரவரி 2026

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் வந்தது. அதற்குள் நாங்கள் போளூரில் தியேட்டரில் இருந்தோம். முன்பே வந்திருந்தாலும் அவரைத் தடுத்திருக்க முடியாது. விடியும்போதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டார். அபிநயாவும் வேலூரிலிருந்து நேராக வந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள்.

தியேட்டர் நிறையப் பையன்கள். நீ திரையில் வந்ததும் அப்பா முன்னால் குனிந்து உட்கார்ந்தார். நீ நன்றாக இருந்தாய் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பளியைத் தோளில் தள்ளிப் போட்டுக்கொள்கிற விதம் அப்படியே அவர்தான். இரண்டு வசனத்தையும் தெளிவாகச் சொன்னாய்.

பிறகு அந்த ஐந்து நிமிஷம். நான் புடவைத் தலைப்பால் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தத்தை எதனால் மூடுவது? சுற்றிலும் விசில் அடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், ஒருவன் எழுந்து வெளியே ஓடுகிறான். அப்பா ஒரு தடவைகூடக் கண்ணை மூடவில்லை என்று அபிநயா சொன்னாள். என் கையை அவர் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்துவிட்டது. எறும்புக் கடியைப் பற்றி நீ எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன் அல்லவா, மெதுவாக என் காதில் கேட்டார், "அப்ப எறும்பு கடிச்சிக்கினு இருந்திருக்குமா?" எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. இத்தனை ரத்தத்துக்கு நடுவில் அவர் எறும்பைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து திரையில் புளியமரம் வந்தது. கிளையில் கம்பளி. விசில் நின்றுவிட்டது. அம்மா கூவினாள்.

மணி, அது அம்மாவேதான். கொல்லைமேட்டில் நின்று சோத்துக்குக் கூப்பிடுகிற அதே குரல். அவ்வளவு பெரிய தியேட்டரில் ஒருவரும் மூச்சு விடவில்லை. பழைய படத்தில் எப்படியோ அப்படியே, காற்றுச் சத்தம் மட்டும் கேட்கிறது. எல்லாரும் வராத பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.

அப்பா எழுந்தார். இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடுத்தார். "கூ...!"

உனக்குத் தெரியும் அவர் தொண்டை. மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். முன் வரிசையில் இருந்தவர்கள் அலறியே விட்டார்கள். படத்தில் வருகிற சத்தம் என்று முதலில் நினைத்திருக்கிறார்கள். பிறகு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திரை வெளிச்சத்தில் அவர் வெள்ளைச் சட்டையோடு நிற்கிறார். ஒருவன், "டேய், சடையன்டா! அந்த ஆளுடா!" என்று கத்தினான். கதாநாயகி காட்டில் ஓடிக்கொண்டிருக்கிறாள், அவளை ஒருவரும் பார்க்கவில்லை. தியேட்டர்காரர் ஓடிவந்தார். அப்பா அவரிடம், "ஒண்ணுமில்ல சார், முடிஞ்சி போச்சி, நாங்க கெளம்பறோம்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். மீதிப் படத்தை நாங்கள் பார்க்கவில்லை. அதில் என்ன ஆனது என்று அவர் கேட்கவும் இல்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நன்றாகத் தூங்கினார். பல மாதம் கழித்து அவர் அப்படித் தூங்கிப் பார்க்கிறேன்.

அதை யாரோ படம் எடுத்துப் போட்டு, இப்போது எல்லாப் போனிலும் ஓடுகிறதாம். இனிமேல் யாரும் அவரைச் செத்தவர் என்று சொல்ல முடியாது. நீ சொல்லவேண்டிய வேலையை அவரே செய்துகொண்டுவிட்டார். உன் மேடை வீடியோவையும் அபிநயா காட்டினாள். மைக்கை நீட்டி அப்பாவைப் பற்றிக் கேட்கிறார்கள், நீ வாயைத் திறக்கிறாய், மூடுகிறாய், மேடையை விட்டு இறங்கிப் போய்விடுகிறாய். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. நீ பொய் சொல்லவில்லை என்று அபிநயா சொல்கிறாள். உண்மையும் சொல்லவில்லையே என்றேன். அப்பா இரண்டு பேரையும் சும்மா இருக்கச் சொன்னார்.

மேடையை விட்டு இறங்கியவன் எங்கே போனாய்? நேற்று நானே பாறைமேல் ஏறி உனக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருக்கிறாய். என் முகத்தில் விழிக்கப் பயமாக இருந்தால் இருக்கட்டும். வந்தால் இரண்டு அறை கொடுப்பேன், பிறகு சோறு போடுவேன். உனக்குத் தெரியாததா?

அப்பா உனக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வூட்டுக்கு வரச்சொல்லு. போனு வேணாம், கடுதாசி வேணாம். பாறை வளைவுல பஸ்ஸ வுட்டு எறங்கி, அங்க நின்னு கூவச்சொல்லு. நா எங்க இருந்தாலும் பதிலு குடுப்பேன். குடுக்கலன்னா நா செத்துட்டேன்னு அர்த்தம். அப்பறம் அவன் எந்த டிவியில போய் வேணாலும் சொல்லிக்கட்டும்."

உன் அக்கா
சசிகலா